ரப்பர் பூச்சுக்கு அடியில் ஒரு மாவிலை

ஜொகூர் தம்போயில் ஜெயபாலன் பட்டறைக்கு வழி கேட்டால் யாரும் பெயரைச் சொல்லிக் காட்ட மாட்டார்கள். "துரு டாக்டரா? டயர் கடைக்குப் பின்னால, மூணாவது லாட்" என்பார்கள். பழைய லாரியோ ஜீப்போ பஸ்ஸோ, அடிச்சட்டம் துருப்பிடித்து உளுத்துப்போய் வந்தால், மணல் வீசி உரித்து, செத்த இரும்பை வெட்டி எறிந்து, புது இரும்பை ஒட்டி, மேலே பூச்சு பூசிக் கொடுப்பவன் அவன். நாற்பத்தேழு வயது. முன்கை முழுக்க மணல் தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள். அம்மை போட்டதா என்று கேட்பவர்களிடம் "ஆமா, இரும்பம்மை" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

ரெங்கம் பக்கத்து எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குப் போனான். பதினொரு வருஷம், விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி, பொழுது சாய்ந்தபின் அதே நெரிசலில் திரும்பி, கப்பல் வயிற்றில் பூச்சு அடித்தான். அந்தப் பதினொரு வருஷத்தில் அவன் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிய பாடம் ஒன்றே ஒன்று. ஈர இரும்பின் மேல் பூசாதே. என்ன பூச்சு, டின் எத்தனை வெள்ளி விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பதெல்லாம் அப்புறம். காற்றில் ஈரம் எவ்வளவு, இரும்பின் சூடு எவ்வளவு என்று பார்க்க ஒரு சின்ன மீட்டரைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். மழை வரும்போலிருந்தால் சுல்தானின் காரே வந்து நின்றாலும் தொட மாட்டான் என்று தெருவில் பேச்சு.

அப்பேர்ப்பட்டவன்தான் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொட்டச் சொட்ட நனைந்த இரும்பின் மேல் பூசினான். தெரியாமல் செய்திருந்தால் பிழை என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்தான், அதுதான் கதை.

அது கோயில் ரதம். பழைய லாரி ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் கோபுரம் கட்டி, குதிரை பொம்மை வைத்து, பல்பு கோத்து, திருவிழாவில் மாரியம்மனை ஏற்றித் தெப்ராவ் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளைச் சுற்றி வரும். கோயில் தலைவர் சபாபதி, ஜெயபாலனின் மனைவி செல்லத்துக்கு உடன்பிறந்த அண்ணன். பட்டறை இருக்கும் லாட்டும், அதாவது அந்தக் கடைமனையும், அவருடையது. முதுகு பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் வேலையை விட்டு வந்தவனுக்கு, "மாப்ள, இங்கயே கடையப் போடு" என்று சாவியைக் கையில் கொடுத்த மனுஷன். நல்லவர்தான். ஆனால் அவர் முகம் கொஞ்சம் கோணினாலும் ஜெயபாலன் வீட்டில் மூன்று நாளைக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

ரதத்தில் எந்த வேலை ஆரம்பித்தாலும் முதலில் பூஜை போடுவது அந்தக் கோயில் வழக்கம். உரித்து வெள்ளையாகப் பளபளக்கும் வெற்று இரும்புக்குக் குருக்கள் மந்திரம் சொல்லி, மஞ்சள் கலந்த கலச நீரை மாவிலையால் தெளித்து, மிச்சத்தை அப்படியே குடத்தோடு கவிழ்ப்பார். ஒரு குடமா? சபாபதிக்குப் பக்தி அதிகம், இரண்டு குடம். பிறகு நல்ல நேரம் முடிவதற்குள் முதல் பூச்சு விழுந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்.

அன்றைக்கு ஜெயபாலன் கையில் துணியோடு நின்றான். "மச்சான், ஈரமா இருக்கு. ஒரு மணி நேரம் காயட்டுமே."

"ஈரமா?" சபாபதி கண்ணை அகல விரித்தார். "தீர்த்தத்தைப் போய் ஈரம்னு சொல்றியேய்யா! மணி பத்து இருவது. அடி, அடி."

கோயில் கமிட்டி முழுக்கச் சுற்றி நின்றது. ஜெயபாலன் துணியைக் கீழே போட்டான். கறுப்பு ரப்பர் பூச்சை, லாரிக்கு அடியில் அடிப்பார்களே, அந்தத் தடித்த பூச்சை, அள்ளி அள்ளி அடித்தான். ஈரம் தெரியாமலிருக்கக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்தான். பளபளவென்று எருமை முதுகு மாதிரி மின்னியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குப் பலன் போன திருவிழாவில் கிடைத்தது. தாமான் வாசலில் உள்ள ஹம்ப்பில், அந்த வேகத்தடையில், ரதம் ஏறி இறங்கும்போது, குறுக்குச் சட்டம் ஒன்று பொடுக்கென்று முறிந்தது. ரதம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அம்மன் அசையவில்லை, மேலே நின்ற குருக்கள்தான் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். ரதத்தை ஓட்டியவர் ஐயாசாமி. இருபது வருஷம் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டியவர், பத்து வருஷமாக ரதத்துக்கும் அவர்தான். அலங்காரத்துக்கு அடியில், ஆள் தெரியாத பொந்தில் உட்கார்ந்து, ஒரு சாண் சந்து வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். அன்றைக்கு அவர் முழு விரதம்.

"குடிச்சிருப்பான்" என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் சொன்னார்கள். கமிட்டி கூடி, இனி அவர் ரதத்தைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அந்தக் கூட்டத்தில் ஜெயபாலனும் இருந்தான். முறிந்த இடத்தை அன்றிரவே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டவன். ரப்பர் தோல் முழுசாக இருக்க, உள்ளே இரும்பு அப்பளமாக உதிர்ந்துகிடந்தது. தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை தூக்கச் சொன்னபோது தூக்கவும் செய்தான்.

சரி, அதோடு போயிருந்தால் எத்தனையோ பேர் செய்வதுபோல் அவனும் மறந்திருப்பான். ஆனால் சட்டத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கிய இரண்டாம் நாள் காலை, வாசலில் ஐயாசாமி நின்றார். தலை மொட்டை, கழுத்தில் துளசி மாலை, கையில் ஒரு சுரண்டி.

"பாலா, என் கையால கெட்டது, என் கையாலயே சுத்தம் பண்றேன். தடுக்காதய்யா."

"நீங்க எதுக்குண்ணே..."

"கால் மரத்துப் போயிருந்துச்சு தம்பி. ஹம்ப்ல ஏறையில அழுத்திட்டேன் போல. எனக்கே ஞாபகம் இல்ல. அத்தன பேர் சொல்றாங்கன்னா பொய்யா இருக்குமா?"

இப்படிச் சொன்னவரிடம் என்ன பேசுவது? குடித்தேன் என்று மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வேகமாகப் போனேன் என்று தானாகவே நம்பிவிட்டார். இனி உயிருள்ளவரை ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்திருந்தார். சொந்த மோட்டார் சைக்கிளையும் விற்றாயிற்று. தெப்ராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். ஒரு தடவை ஜெயபாலன் வாய் தவறி, "அண்ணே, அந்த வேனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, மணல் தெறிக்குது" என்று சாவியை நீட்டிவிட்டான். ஐயாசாமி ஓரடி பின்வாங்கினார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேணாம்யா" என்றார். ஜெயபாலன் கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

ரப்பர் பூச்சை மணலால் உரிக்க முடியாது, மணல் பட்டால் துள்ளி ஓடும். கையால்தான் சுரண்ட வேண்டும். மூன்று வாரம் இருவரும் சட்டத்துக்கு அடியில் முதுகைக் கீழே போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் படுத்துச் சுரண்டினார்கள். தப்பு செய்தவனும் செய்யாதவனும் ஒரே துருவை மூச்சில் இழுத்தார்கள். ஜெயபாலன் தினமும் காலையில், இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பான். மத்தியானம் ஐயாசாமி தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, "கருவாடு எடுத்துக்க தம்பி, காளியம்மா உனக்குன்னு வச்சு விட்டா" என்பார். காளியம்மா அவர் சம்சாரம். அவ்வளவுதான், வந்த வார்த்தை சோற்றோடு உள்ளே போய்விடும்.

குறுக்குச் சட்டத்தின் மூலையைச் சுரண்டும்போதுதான் அது நடந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் பெயர்ந்து வர, அதன் அடியில், இரும்பில் ஒட்டிக்கொண்டு ஒரு மாவிலைத் துண்டு. பழுப்பேறி, நரம்பு நரம்பாகத் தெரிந்தது. வெளிச்சம் படாததால் அதைச் சுற்றியிருந்த மஞ்சள் கறைகூட அப்படியே இருந்தது.

ஜெயபாலன் சுரண்டுவதை நிறுத்தினான். காய்ந்த இரும்பின் மேல் இலை எப்படி ஒட்டும்? பூஜைத் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே, துடைக்காமல், இலையைக்கூட எடுக்காமல் பூசியிருக்கிறான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? தொழில் தெரிந்த எவன் பார்த்தாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவான்.

பார்த்தவர் ஐயாசாமி. அவர் பூச்சு வேலை தெரியாதவர். இலையைப் பதமாக எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "தாயே! ஆறு வருஷம், வெயிலு, மழை, எல்லாம் தாண்டி... தம்பி, அவ இங்கதான்யா இருந்திருக்கா. என்னை மன்னிச்சிட்டாய்யா." அதைச் சட்டைப் பையில், இதயத்துக்கு நேரே வைத்துக்கொண்டு கீழிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். ஜெயபாலன் சட்டத்துக்கு அடியிலேயே கிடந்தான். எழுந்துவர அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மாவிலைப் படம் எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. பட்டறைக்கு ஆட்கள் வந்து மூலையைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள், ஒரு அம்மா சூடமே ஏற்றிவிட்டாள். பக்கத்திலேயே தின்னர் டின். "அலமாக், அக்கா, கடையே பறந்துடும் லா!" என்று ஜெயபாலன் கத்திக்கொண்டு ஓடி அணைத்தான்.

சட்டத்தை உரித்து, புதுக் குறுக்குச் சட்டம் ஒட்டி, வேலை எல்லாம் முடிந்தது. இனி என்ன பூச்சு பூசுவது என்று முடிவெடுக்க வேண்டும். ஜெயபாலன் கோழைதான், ஆனால் மடையன் இல்லை. வாயைத் திறக்காமலே ரப்பரை ஒழித்துக்கட்ட ஒரு வழி வைத்திருந்தான். சட்டம் வந்து இறங்கிய முதல் வாரமே மூன்று இரும்புத் தகடுகளில் மூன்று விதமாகப் பூசிப் பட்டறைக்குப் பின்னால் வெயிலில் போட்டிருந்தான். வாரா வாரம் அதன் மேல் பாலும் தேங்காய்த் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றினான், ஊர்வலத்தில் வீட்டுக்கு வீடு ரதத்தின் சக்கரத்தில் ஊற்றுவது அதுதானே. கமிட்டி வந்ததும் வரிசையாக எடுத்து வைத்தான்.

"இது துத்தநாகக் குளியல். புளிச்ச பால் பட்டு வெள்ளை பூத்திருக்கு பாருங்க. அதோட நம்ம சட்டம் நீளம், துத்தநாகம் முக்குறவங்க தொட்டிக்குள்ள இறங்காது. இது சாம்பல் கலர் எபோக்சி. மெல்லிசுதான். கீறல் விழுந்த எடத்துல துரு கோடா தெரியுது பாருங்க, அதான் இதுல நல்லது. வர்ற துரு ஒளியாது, பாத்தவுடனே சரி பண்ணிடலாம்."

"துரு தெரியுதுங்கிறே, அது எப்படிய்யா நல்லதாகும்?" என்றார் சபாபதி. மூன்றாவது தகட்டை எடுத்தார். கறுப்பு ரப்பர், அன்று பூசியதுபோல் மின்னியது. "இதுக்கு என்ன கொறச்சல்?"

"வெளிய மினுக்கும் மச்சான். உள்ள பாருங்க." ஜெயபாலன் கத்தியால் மூலையைக் கீறி, தோலைக் கிழித்து உயர்த்தினான்.

உள்ளே இரும்பு வெள்ளிக்காசு மாதிரி இருந்தது. ஒரு புள்ளி துரு இல்லை.

இருக்காதே! அவன் பழக்கதோஷத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து, நன்றாகக் காயவிட்டுத்தான் தகட்டில் பூசியிருந்தான். ரப்பர் நல்ல பூச்சுதான். ஆறு வருஷத்துக்கு முன் கெட்டது பூச்சு இல்லை, பூசியவன். இதற்குமேல் பழியைப் போட அவனுக்கு ஒரு டின்கூட மிச்சமில்லை.

"பாத்தீங்களா?" சபாபதி தகட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "இரும்பு முறிஞ்சது ஓட்டுனவன் கோளாறு. பூச்சு தங்கம். அம்மாவே அதுக்குள்ள இலையை வச்சுக் காட்டிட்டா. அதே ரப்பர், அதே பூஜை, அதே வெள்ளிக்கிழமை நேரம். என்ன மாப்ள?"

ஓரமாக நின்ற ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்று ஆட்டினார். ஜெயபாலனும் ஆட்டினான்.

வீட்டில் செல்லத்திடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "எங்கண்ணன் கடைச் சாவியப் புடுங்குவாரு. கோயில்ல நம்மள நிமிந்து பாக்க மாட்டாங்க" என்றாள். பிறகு, "அந்தக் காளியம்மா அக்கா நேத்து என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? அவரு தூக்கத்துல காலை உதறி உதறிப் பிரேக் அடிக்கிறாராம்" என்றாள். வெங்காயத்தை மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. முன்புபோல இப்போது ஜொகூரில் வெள்ளிக்கிழமை லீவு இல்லை, இருந்தாலும் கமிட்டியில் பாதிப் பேர் லீவு போட்டு வந்திருந்தார்கள். வெள்ளையாக உரித்த சட்டம் முக்காலிகளின் மேல் நின்றது. குருக்களின் வலது மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பவில்லை, குடத்தை இடது கையால்தான் கவிழ்த்தார். இரண்டு குடம். மஞ்சள் தண்ணீர் சட்டம் முழுக்க ஓடி, புதுக் குறுக்குச் சட்டத்தின் மூலையில் குளம் கட்டி நின்றது. அதில் ஒரு மாவிலை மிதந்தது.

"மணி பத்து பத்து. அடி மாப்ள" என்றார் சபாபதி.

ஜெயபாலன் பூச்சுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். பூச்சு நிரப்பி, குழாய் மாட்டி, எல்லாம் தயார். விரலை அழுத்தினால் போதும். மச்சான் முகம், குருக்கள் கை, கமிட்டி, தன் பெயர் போட்ட பலகை, அதற்கு அடியில் சபாபதியின் லாட் எண். ஒரு பக்கமும் வழி தெரியவில்லை. எல்லாருக்கும் பின்னால், வேனை ஒட்டி, ஐயாசாமி கைகூப்பி நின்றார். சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது.

துப்பாக்கியைத் தரையில் வைத்தான்.

"அடிக்க மாட்டேன் மச்சான். இரும்பு ஈரமா இருக்கு."

"திரும்ப ஆரம்பிச்சிட்டியா? தீர்த்தம்யா அது!"

"தீர்த்தமும் தண்ணிதான் மச்சான். இரும்புக்கு வித்தியாசம் தெரியாது." குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. நிறுத்தினால் மறுபடி வராது என்று பயந்து மடமடவென்று சொன்னான். "அன்னைக்கு நான் தொடைக்காம அடிச்சேன். இலைகூட எடுக்கல. அதான் அந்த இலை அங்க இருந்துச்சு. அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆறு வருஷமா உள்ளயே தண்ணி நின்னு தின்னுருச்சு. ரதம் முறிஞ்ச அன்னைக்கே பாத்துட்டேன். பாத்துட்டும் ஐயாசாமி அண்ணனுக்கு எதிரா கை தூக்குனேன்."

குருக்கள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். சபாபதியின் முகம் செங்கல் நிறமாயிற்று. "கோயில் மானத்தை நடுரோட்டுல வச்சிட்டியே பாவி. உன் வாய அப்பவே தொறந்திருக்கணும், இல்ல செத்தாலும் தொறந்திருக்கக் கூடாது" என்றார். அது ஒன்றில் அவர் சொன்னது நியாயம்தான். "மாசக் கடைசிக்குள்ள சாவிய வீட்டுல கொடுத்துரு."

ஐயாசாமி மெல்ல முன்னால் வந்தார். அடிப்பார் என்றுதான் ஜெயபாலன் நினைத்தான், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான். அவர் பையிலிருந்து இலையை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப... அந்த ஹம்ப்ல நான் வேகமா போகலையா தம்பி?"

"இல்லண்ணே. நீங்க எப்பவும்போல மெதுவாத்தான் போனீங்க."

"நெசமாவா?"

"நெசமாண்ணே."

ஐயாசாமி இலையை மறுபடி பையில் போட்டுக்கொண்டு, ஓரத்தில் கிடந்த துணியை எடுத்து மூலையில் தேங்கிய தண்ணீரை ஒற்ற ஆரம்பித்தார். சபாபதி வாட்ச்சைப் பார்த்தார், கமிட்டியைப் பார்த்தார், போய்க் காரில் ஏறினார். சிலர் அவரோடு போனார்கள். சிலர் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். குருக்கள் சும்மா கிடந்த முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பத்தரை ஆயிற்று. ராகு காலம் பிறந்தது. ஃபேனை வைத்துச் சட்டத்தைக் காயவிட்டார்கள். பதினொன்றரைக்கு ஜெயபாலன் மூலை மூலையாக மீட்டரை வைத்துப் பார்த்து, கறுப்பு டின்னை நகர்த்திவிட்டுச் சாம்பல் டின்னைத் திறந்தான். துப்பாக்கியைக் கழுவிப் புதிதாக நிரப்பினான்.

"தம்பி, கொஞ்சம் பொறு" என்றார் ஐயாசாமி. ஈரத் துணியைப் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவன் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார்.

"அந்த வேன் சாவியக் குடு. பெயிண்ட் தெறிக்கும், தள்ளி நிறுத்திட்டு வரேன்."